மரபணு மாற்றப்பட்ட சோயாவில் செய்த தெம்பே உடலுக்குக் கெடுதியா?

பினாங்கின் சௌராஸ்தா சந்தையில் வாங்கும் தெம்பேயையும் (சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் உணவு) சோயாப்பாலையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம் என்பதே என் பதில். சந்தையில் இன்று விற்கப்படும் மரபணு மாற்றப் பயிர்கள் சாதாரணப் பயிர்களைவிட உடல்நலத்திற்கு அதிக ஆபத்தானவை என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்று, நூற்றுக்கணக்கான ஆய்வுகளை அலசிய அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் அறிவித்தன. மரபணு மாற்றப் பயிரைத் தின்ற எலிகளுக்குக் கட்டி வந்ததாகப் பரவிய 2012ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் கட்டுரையை, எலிகளின் எண்ணிக்கை போதாதெனக் கூறி, அதை வெளியிட்ட இதழே மறு ஆண்டு திரும்பப் பெற்றுக்கொண்டது. வாட்ஸ்அப்பில் மட்டும் அது இன்னும் சாகவில்லை.

ஆயினும் அச்சம் முழுவதும் வீணன்று. பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய ஒரு சோயா, அக்கொட்டை ஒவ்வாதவர்களின் இரத்தத்தோடு சோதனையில் வினைபுரிந்ததால், சந்தைக்கு வராமலே கைவிடப்பட்டது. எனவே ஒவ்வொரு பயிரையும் தனித்தனியே சோதிப்பதே முறை. ஒட்டுமொத்தமாக நல்லது, கெட்டது என்பது அறிவியலாகாது. களைக்கொல்லி எச்சம் வேறொரு வழக்கு; கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி மரபணு மாற்றாத வயல்களிலும் தெளிக்கப்படுகிறது.

பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் வலியுறுத்தி வந்த, மரபணு மாற்றப் பொருள் உள்ளதைப் பொட்டலத்திலேயே குறிப்பிடும் முகப்புச்சீட்டுக் கோரிக்கை எனக்கு நியாயமாகவே படுகிறது. மலேசியாவில் 2007ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் வாழையிலையில் மடித்து விற்கும் தெம்பேயில் எந்தச் சீட்டைத் தேடுவது?