2 வயது 4 மாதம், இன்னும் கதைக்கிறான் இல்லை: பொறுத்துப் பார்க்கலாமா?

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 2 வயது 4 மாதம். 'அம்மா', 'தா' தவிர வேறு சொல் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பிரிட்ஜில் வைப்பானாம். ஆனால் போனைப் பார்த்து இங்கிலீசில் ஒன்றிலிருந்து பத்து வரை சொல்வானாம். கணவர் கட்டாரில். "இவன்ர அப்பாவும் நாலு வயதிலதான் கதைச்சவன்" என்கிறார் மாமி, பக்கத்து வீட்டில் நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார்கள். பொறுக்கலாமா, பேச்சுத் தெரப்பி என்றால் அங்கே என்ன செய்வார்கள், எத்தனை மாதத்தில் கதைப்பான் என்பவை அவருடைய கேள்விகள்.

தங்கச்சி, பொறுக்க வேண்டாம். 2 வயதில் ஒரு பிள்ளையிடம் ஏறக்குறைய 50 சொல்லாவது இருக்கும், 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டைச் சேர்க்கவும் தொடங்கியிருக்கும். மாமி சொல்வதும் பொய்யில்லை, பிந்திக் கதைக்கிற பிள்ளைகளில் கனபேர் பிறகு தாங்களாகவே எட்டிப் பிடித்துவிடுவார்கள்தான். ஆனால் யார் பிடிப்பார், யார் பின்தங்கி நிற்பார் என்று இந்த வயதில் பார்த்துச் சொல்ல பேச்சு, மொழிச் சிகிச்சை செய்கிற எங்களாலேயே முடியாது, அதனால்தான் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. இப்போதே தொடங்கினால் நட்டமும் ஒன்றுமில்லை.

வசம்பு வேண்டாம். நாக்கு தடித்ததால் பேச்சு பிந்துவதில்லை. நாக்கின் அடியில் இருக்கும் சவ்வை வெட்டினால் கதைப்பான் என்று யாராவது சொன்னாலும் அவசரப்படாதீர்கள், அந்தச் சவ்வு சில ஒலிகளின் உச்சரிப்பைக் கொஞ்சம் பாதிக்கலாம், சொல்லே வராமல் பண்ணாது. தமிழும் இங்கிலீசும் கலந்ததால் பிள்ளை குழம்பிவிட்டான் என்பதும் அப்படித்தான். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. உங்களுக்கு நன்றாக வரும் மொழியில், வீட்டில் கதைக்கிற அதே தமிழில் கதையுங்கள்.

முதல் வேலை காது. கதவு சாத்தினால் திரும்புகிறான், பிஸ்கட் பக்கற் சரசரத்தால் ஓடி வருகிறான், ஆகவே காது நல்லது என்று முடிவெடுக்காதீர்கள். அடிக்கடி தடிமன் பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் கட்டிக்கொண்டால் சத்தம் கேட்கும், ஆனால் சொற்கள் மங்கலாகத்தான் கேட்கும், அதுவும் ஒரு கிழமை ஒரு மாதிரி, அடுத்த கிழமை வேறு மாதிரி. இதைப் பரிசோதனை செய்துதான் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது, அந்த ஒன்றிலிருந்து பத்து. அதை யாருக்குச் சொல்கிறான்? ஒருவருக்கும் இல்லை. தொண்டையும் நாக்கும் வேலை செய்கின்றன என்பது மட்டும் அதில் தெரிகிறது, கதைப்பது என்பது இன்னொருவரை நோக்கிச் செய்வது. கையைப் பிடித்து இழுப்பதாக எழுதியிருக்கிறீர்கள், விரலால் சுட்டிக் காட்டுகிறானா என்று எழுதவில்லை. வானத்தில் விமானம் போனால் அதைக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறானா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, பொம்மைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி விளையாடுகிறானா? இவற்றில் ஒன்றுக்காவது 'இல்லை' என்றால் ஓட்டிசம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கு 'எம்-சாட்' என்று 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, உங்கள் மகன் இன்னும் அந்த வயதுக்குள்தான், குழந்தை நல வைத்தியரிடம் கேளுங்கள். அது நோயை முடிவு செய்கிற பரிசோதனை அல்ல, மேலும் பார்க்க வேண்டுமா என்று மட்டும் சொல்லும். இந்தக் கடிதத்தை வைத்து நானும் பெயர் வைக்க மாட்டேன்.

போகும் வழி பெரிய சிக்கல் இல்லை. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி குடும்ப நல உத்தியோகத்தரிடம் போங்கள், அங்கிருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பிறகு அரச வைத்தியசாலையின் குழந்தை நல கிளினிக், அங்கிருந்து காதுப் பரிசோதனைக்கும் பேச்சு, மொழிச் சிகிச்சைக்கும் எழுதித் தருவார்கள். அரச சேவை, காசில்லை. ஆனால் காத்திருக்க வேண்டி வரும், ஏனென்றால் இலங்கையில் எங்களைப் போன்றவர்களைப் படிப்பித்து அனுப்பும் முக்கிய இடம் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடம், அதில் தமிழ் கதைக்கிறவர்கள் குறைவு. உங்களுக்குக் கிடைப்பவர் சிங்களம் கதைப்பவராக இருந்தாலும் போகாமல் விடாதீர்கள், இரண்டும் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஏனென்றால் இந்த வயதில் தெரப்பி என்பது பெரும்பாலும் உங்களுக்குத்தான். கிளினிக்கில் இருக்கிற அரை மணித்தியாலத்தில் பிள்ளை கதைக்கப் பழகிவிட மாட்டான், மிச்ச நேரமெல்லாம் அவனோடு இருப்பது நீங்களும் மாமியும்.

சரி, கிளினிக் திகதி வரும் வரை வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் பரீட்சை வைப்பதை நிறுத்துங்கள். "இது என்ன? சொல்லு, சொல்லு. வாழைப்பழம் சொல்லு." காலையிலிருந்து இரவு வரை இதைக் கேட்டால் எந்தப் பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும். கேள்வியைக் குறைத்து, அவன் பார்க்கிறதையே நீங்கள் சொல்லுங்கள், அதுவும் சின்னச் சின்னதாக. காலையில் புட்டும் வாழைப்பழமும் சாப்பிடுகிறான் என்று வையுங்கள். அவனுக்கு நேரே, கண் மட்டத்துக்கு, நிலத்தில் இருங்கள். முழுப் பழத்தையும் கையில் கொடுக்காமல் ஒரு துண்டு கொடுங்கள். "பழம்." சாப்பிட்டு முடிந்ததும் மிச்சத்தைக் காட்டிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், இதுதான் எல்லாத் தாய்மாருக்கும் கஷ்டமான இடம், மூன்றிலேயே வாய் திறந்துவிடுவார்கள். அவன் பார்த்தாலோ கை நீட்டினாலோ 'ப' என்றாலோ, உடனே கொடுத்து, "பழம் வேணும்" என்று அவனுக்காக நீங்கள் சொல்லுங்கள். அவனைத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டாம், சொன்னால்தான் தருவேன் என்று அழ வைக்கவும் வேண்டாம். நாளைக்கு 'பழம்' என்றே சொன்னால் நீங்கள் ஒரு சொல் கூட்டி "இன்னும் பழம்" என்பீர்கள். அவனை விட ஒரு படி மட்டும் மேலே.

இதே வேலை கிணற்றடியில் குளிக்க வார்க்கும்போதும் நடக்கும்: வாளியைத் தூக்கி, "ஊத்து..." என்று நிறுத்திக் காத்திருந்து, பார்த்ததும் ஊற்றுவது. கைதட்டிப் பாடும் பாட்டில் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுக் காத்திருங்கள். கணவர் வீடியோ கோலில் வரும்போது "அப்பாக்கு ஹலோ சொல்லு" என்று போனை முகத்தில் பிடிக்க வேண்டாம், அவரைத் தலையணைக்குப் பின்னால் ஒளிந்து, "இந்தா!" என்று வரச் சொல்லுங்கள். அந்தத் திரை நேரம் நல்லது. சாப்பாட்டுக்கு ஓடும் கார்ட்டூன்தான் வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்னது, நான் அதிலும் சாப்பாட்டு நேரத் திரையை முதலில் வெட்டச் சொல்வேன்.

கிளினிக்கில் சைகையோ படமோ பழக்கினால் பயப்பட வேண்டாம். படத்தை எடுத்துக் கொடுத்துப் பொருளைக் கேட்கும் 'பெக்ஸ்' முறை 1985இல் அமெரிக்காவில் உருவானது, 'படம் கொடுத்தால் வாய் திறக்க மாட்டான்' என்பது தாய்மார் எல்லோருக்கும் வருகிற பயம், ஆனால் படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. மாறாக, மெழுகுதிரி ஊது, நாக்கை நீட்டு மடக்கு என்ற பயிற்சிகளை மட்டும் யாராவது மாதக்கணக்கில் செய்வித்தால், இது எந்தச் சொல்லைக் கொண்டுவரும் என்று கேளுங்கள். ஊதப் பழகினால் ஊத வரும்.

எத்தனை மாதம் என்று நான் திகதி சொல்ல மாட்டேன். சொல்லுக்கு முதல் வேறு விஷயங்கள் வரும்: பார்வை கூடும், விரல் நீளும், உங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பவும் செய்யச் சொல்வான். அதையும் முன்னேற்றத்தில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் நன்றாகச் செய்தும் ஒன்றும் அசையவில்லை என்றால் முறையை மாற்றச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

கிளினிக்குப் போகும் நாளில், வீட்டில் அவன் விளையாடும்போதும் எதையாவது கேட்கும்போதும் எடுத்த இரண்டு மூன்று சின்ன வீடியோக்களைக் கொண்டு போங்கள், புது இடத்தில் பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பான், நாங்கள் ஒன்றையும் பார்க்க மாட்டோம். அவன் முன்னால் "இவன் கதைக்க மாட்டான்" என்று சொல்ல வேண்டாம், கன விஷயம் அவனுக்கு விளங்கும். இடையில் எப்போதாவது, இருக்கிற அந்த இரண்டு சொல்லும் நின்றுவிட்டாலோ, முன்பு பார்த்த பிள்ளை முகம் பார்ப்பதை விட்டாலோ, திகதி வரும் வரை இருக்காமல் அடுத்த நாளே குழந்தை நல வைத்தியரிடம் காட்டுங்கள்.