பெயருக்குப் பின்னால் டி.ஓ. என்று இருக்கிறதே, இவர் முழு டாக்டர்தானா?

கேள்வி: எனக்கு 66 வயது. மகளோடு சில மாதம் இருக்கலாம் என்று மிச்சிகன் வந்திருக்கிறேன். பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன், பல வருஷமாக இடுப்பு வலியும் உண்டு. மகளின் குடும்ப டாக்டரிடம் போனோம். பொறுமையாகக் கேட்டார், பிரஷர் மாத்திரையை மாற்றி எழுதினார், பிறகு குப்புறப் படுக்கச் சொல்லி முதுகையும் இடுப்பையும் கையாலேயே அழுத்திவிட்டார். வலி குறைந்தது உண்மைதான். வெளியே வரும்போது பார்த்தால் பெயர்ப்பலகையில் எம்.டி. இல்லை, டி.ஓ. என்று இருக்கிறது. நம் ஊரில் டி.ஓ. என்றால் கண் டாக்டர் அல்லவா? மகள் 'ஆஸ்டியோபதி' என்கிறாள். வேறு ஏதோ வைத்தியமோ என்று பயமாக இருக்கிறது. இவர் எழுதிய மாத்திரையைச் சாப்பிடலாமா?

பதில்: தாராளமாகச் சாப்பிடுங்கள் அம்மா. டி.ஓ. என்றால் 'டாக்டர் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசின்'. அமெரிக்காவில் படித்து இந்தப் பட்டம் வாங்கியவர், அங்கே வழக்கமான டாக்டர் பட்டமான எம்.டி. வாங்கியவரைப் போலவே முழு மருத்துவர். நான்கு வருடம் மருத்துவக் கல்லூரி, அதன் பிறகு எம்.டி. படித்தவர்களோடு ஒரே மருத்துவமனையில், ஒரே வார்டில் பயிற்சி. மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், இதய நிபுணராகவும் ஆகலாம். இதோடு தசையையும் மூட்டையும் கையால் தொட்டுப் பார்த்துச் சரிசெய்யும் பயிற்சி ஏறத்தாழ 200 மணி நேரம் கூடுதலாக உண்டு. உங்கள் இடுப்பில் அவர் செய்தது அதைத்தான். இன்று அங்கே மருத்துவம் படிக்கும் நாலு பேரில் ஒருவர் டி.ஓ. கல்லூரியில்தான் படிக்கிறார்.

ஆனாலும் உங்கள் சந்தேகத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க எம்.டி.க்களே இதே கேள்வியைப் பல தலைமுறையாகக் கேட்டார்கள். அதற்குக் காரணமும் இருந்தது.

ஆஸ்டியோபதி என்ற இந்த முறையைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1828இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். அப்பா மெதடிஸ்ட் போதகர், வைத்தியமும் பார்த்தார். மகன் அவரிடமே தொழில் கற்று, கான்சஸில் வைத்தியம் பார்த்தார். 1864இல் மூளைக்காய்ச்சல் வந்து அவருடைய மூன்று பிள்ளைகள் சில வாரங்களுக்குள் இறந்துபோனார்கள். தானும் வைத்தியர், வேறு டாக்டர்களையும் வரவழைத்திருந்தார், ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்தக் காலத்து டாக்டரின் பையில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் கோபம் புரியும். முக்கியமான மருந்து கலோமல், அதாவது பாதரச உப்பு. வாயில் எச்சில் ஒழுக ஆரம்பித்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது பாதரச நஞ்சின் அறிகுறி. ஈறு புண்ணாகி, பல் ஆடி விழும், சிலருக்குத் தாடை எலும்பே அழுகும். கலோமல் போக அபின், விஸ்கி, வாந்தி மருந்து, பேதி மருந்து, ரத்தத்தைக் கீறி வெளியேற்றுவது. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் இதையெல்லாம் தூக்கி எறிந்தார் என்றால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஸ்டில் எலும்புகளைப் படிக்க ஆரம்பித்தார். அதற்காக அமெரிக்கப் பழங்குடி மக்களின் கல்லறைகளைத் தோண்டினார். இதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. எலும்பும் மூட்டும் இடம் பிசகினால் ரத்த ஓட்டம் தடைபடுகிறது, நோய் அதனால்தான் வருகிறது, கையால் சரிசெய்தால் உடம்பு தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும் என்ற முடிவுக்கு வந்தார். 1874இல் இதை வெளியே சொன்னார். ஊரில் எதிர்ப்பு வலுக்க, மிசௌரியின் கர்க்ஸ்வில் என்ற சிறு ஊருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவர் கைராசி பரவி, ரயில் ரயிலாக நோயாளிகள் வந்து இறங்கினார்கள். 1892இல் இந்த வைத்தியத்தைக் கற்றுத்தரும் பள்ளி தொடங்கினார். அதில் முதன்முதலில் சேர்ந்த மாணவர்களிலேயே பெண்களும் இருந்தார்கள், அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். அரசு கொடுத்த அனுமதியின்படி எம்.டி. பட்டமே கொடுத்திருக்கலாம். பிடிவாதமாக டி.ஓ. என்று வைத்தார்.

மருந்து விஷயத்தில் அவர் பார்த்தது சரி, காரணம் சொன்னதில் தப்பு. எல்லா நோயும் எலும்பு பிசகுவதால் வருவதில்லை. அவர் பிள்ளைகளைக் கொன்ற மூளைக்காய்ச்சலுக்கு முதுகை நீவிப் பயனில்லை, ஆன்டிபயாடிக்தான் வேண்டும். அது அவர் காலத்தில் இல்லை. அவர் தடுப்பூசியையும் எதிர்த்தார். அந்த நிலையிலேயே நின்றிருந்தால் உங்களுக்கு நான் வேறு பதில் எழுதியிருப்பேன். ஆனால் அவருடைய மாணவர்கள் நிற்கவில்லை. 1917இல் ஸ்டில் இறந்தார், 1920களின் கடைசிக்குள் மருந்தியல் பாடமும் அவர்கள் கல்லூரிகளுக்குள் வந்துவிட்டது. ஆசானை மதித்துக்கொண்டே ஆசானின் தவறைக் கைவிட்டார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

எதிர்ப்பு மட்டும் உடனே ஓயவில்லை. 1896இல் வெர்மான்ட் மாநிலம் முதலில் அங்கீகரித்தது. ஆனால் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்து 1910இல் வந்த ஃபிளெக்ஸ்னர் அறிக்கை இந்தக் கல்லூரிகளைக் கடுமையாகச் சாடியது. இரண்டு உலகப் போர்களிலும் டி.ஓ.க்களை ராணுவ டாக்டர்களாக எடுக்கவில்லை. எம்.டி.க்கள் போர்முனைக்குப் போய்விட, ஊரிலிருந்த குடும்பங்கள் டி.ஓ.க்களிடம் வைத்தியம் பார்த்துப் பழகிக்கொண்டன.

கலிஃபோர்னியாவில் நடந்ததைக் கேளுங்கள். 1962இல் அந்த மாநிலத்தின் எம்.டி. சங்கமும் டி.ஓ. சங்கமும் ஒன்றாகி, 65 டாலர் கட்டணத்துக்கு ஏறத்தாழ 2,000 டி.ஓ.க்களுக்கு எம்.டி. பட்டம் கொடுத்தார்கள். புதிய டி.ஓ.க்களுக்கு அங்கே உரிமம் நிறுத்தப்பட்டது. 65 டாலரில் ஒருவர் எம்.டி. ஆகிவிட முடியும் என்றால், நேற்றுவரை அவருக்கு என்ன குறை இருந்தது? 1974இல் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்டு மறுபடியும் உரிமம் கொடுக்க வைத்தது. அதற்குள் மற்ற இடங்களில் கதவு திறந்துவிட்டது. 1966இல் ராணுவம் ஏற்றுக்கொண்டது, 1973இல் கடைசி மாநிலமான மிசிசிப்பியும் முழு உரிமம் தந்தது. நீங்கள் இருக்கும் மிச்சிகனுக்கும் இதில் பங்கு உண்டு. 1969இல் பாண்டியாக் நகரில் தொடங்கிய டி.ஓ. கல்லூரியைத்தான் பிறகு மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இப்படி ஒரு கல்லூரி அமைந்தது அதுவே முதல் முறை.

இன்னொன்று. நான் சொன்னதெல்லாம் அமெரிக்க டி.ஓ.வுக்கு மட்டும். பிரிட்டனில் ஆஸ்டியோபாத் என்பவர் சட்டப்படி பதிவு செய்தவர், ஆனால் டாக்டர் அல்ல, பிரஷர் மாத்திரை எழுத முடியாது. ஊருக்குத் திரும்பிய பிறகு 'ஆஸ்டியோபதி' என்று எங்காவது போர்டு பார்த்தால், என்ன படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

சரி, இடுப்புக்கு வருவோம். 1999இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், இந்தக் கைவைத்தியம் பெற்றவர்களுக்கும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் முதுகு வலி ஏறத்தாழ ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் கைவைத்தியம் பெற்றவர்களுக்கு மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. பிரஷரும் சுகரும் இருக்கிற உங்களுக்கு வலி மாத்திரை குறைவது சிறுநீரகத்துக்கு நல்லது. அதனால் தொடரலாம். மண்டை ஓட்டை மெல்ல அழுத்தி நோய் தீர்ப்பதாகச் சொல்லும் ஒரு பிரிவும் இதில் உண்டு, அதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை.

அடுத்த முறை போகும்போது எலும்புத் தேய்மானம் (ஆஸ்டியோபோரோசிஸ்) இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடுக்கும் முறை மட்டும் வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள். அபூர்வமாக அது கழுத்து ரத்தக்குழாயைக் கிழித்துப் பக்கவாதத்தில் விட்டுவிடும். காலில் பலம் குறைந்தாலோ, மலம் சிறுநீர் கழிக்கும் இடத்தில் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தானாகப் போனாலோ நீவிவிடக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். இதை மகளிடமும் சொல்லி வையுங்கள்.