அபோரிஜினல் அமைப்புல வேலைக்கு சேர்ந்தா குழந்தைங்க விஷயத்துல ஏன் இவ்ளோ கெடுபிடி?

அபோரிஜினல், அதாவது ஆஸ்திரேலிய பூர்வகுடி மக்களோட அமைப்புல வேலை கிடைச்ச நீங்க, "நம்ம மேல நம்பிக்கை இல்லாமதான் இத்தனை செக் பண்றாங்களா"னு கேட்டிருக்கீங்க. அந்த வார்த்தை உறுத்துச்சு, அதான் எழுதறேன். ஆஸ்திரேலியாவுக்கு இப்பதான் வந்திருப்பீங்க, கையில ஆஃபர் லெட்டர், கூடவே ஒரு கட்டு குழந்தை பாதுகாப்பு விதிமுறைங்கனு நினைக்கிறேன்.

நான் விக்டோரியா மாநிலத்துல, மர்ரே ஆத்துப் பக்கம் ஒரு சின்ன டவுன்ல, அபோரிஜினல் மக்களே நடத்தற அமைப்புல ஆறு வருஷமா ஆபீஸ் வேலை பாக்கறேன். அவங்களுக்காக பேசற தகுதி எனக்கில்ல, கூட இருந்து பாத்ததை மட்டும் சொல்றேன், கமெண்ட்ல வந்து "உனக்கென்ன தெரியும்"னு ஆரம்பிக்காதீங்க.

சேந்த முதல் வருஷம், ஸ்கூல் லீவு. ஆத்தங்கரைக்கு போக மினிபஸ் நிக்குது, பதினோரு பிள்ளைங்க ஏறியாச்சு, கூட வர வேண்டிய ஒருத்தருக்கு காய்ச்சல். ஃபுட்டி (ஆஸ்திரேலிய ஃபுட்பால்) கோச் ஒருத்தர் நான் வரேன்னு வந்துட்டார். பாதி டவுன் அவருக்கு சொந்தக்காரங்க, பிள்ளைங்க அங்கிள் அங்கிள்னு கைய பிடிச்சு இழுக்குதுங்க, ஆனா என் லிஸ்ட்ல அவர் பேருக்கு நேரா ஒர்க்கிங் வித் சில்ட்ரன் கார்டு (பிள்ளைங்களோட வேலை பாக்கறவங்களோட பின்னணிய செக் பண்ணி தர்ற கார்டு) நம்பர் இல்ல. எனக்கு வாயே வரல. எங்கேர்ந்தோ வந்தவ நான், அவங்க மண்ணுல அவங்க ஆளையே ஏறாதீங்கனு எப்படி சொல்றது? உள்ளேர்ந்து வயசான ஆன்ட்டி ஒருத்தங்க (அங்க பெரியவங்களை ஆன்ட்டி, அங்கிள்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க) வாக்கரை தள்ளிட்டு வந்து பஸ் படிக்கு குறுக்க நிறுத்தினாங்க. "நீ என் தங்கச்சி மகன். அதனாலதான் கேக்கறேன், கார்டு எங்க?" அவர் பேசாம நகந்துட்டார். துணைக்கு இன்னொரு பெரியவங்க இல்லாம பஸ் கிளம்பக்கூடாது, ட்ரிப்பே கேன்சல். பிள்ளைங்க அழுததை பாக்க முடியல.

அப்புறம் கிச்சன்ல பிரெட்டுக்கு வெண்ணெய் தடவிக்கிட்டே ஆன்ட்டி சொன்னாங்க, அவங்க அம்மாவை ஆறு வயசுல அரசாங்கம் தூக்கிட்டு போயிடுச்சாம். 1910லேர்ந்து 1970 வரைக்கும் பத்துல ஒண்ணுலேர்ந்து மூணுல ஒண்ணு வரைக்கும் அபோரிஜினல் பிள்ளைங்களை குடும்பத்துலேர்ந்து பிரிச்சிருக்கலாம்னு இதை பத்தின 1997 விசாரணை அறிக்கையே சொல்லுது. அந்த பயத்துல, வீட்டுக்குள்ள ஏதாவது தப்பு நடந்தாக்கூட வெளிய சொன்னா பிள்ளைங்களை தூக்கிட்டு போக வெல்ஃபேர் அதிகாரிங்க வந்துடுவாங்கனு முழுங்கினவங்க நிறைய பேராம். "சொல்றதுக்கு ஒரு இடம் எங்ககிட்டயே இருக்கணும், எங்க பிள்ளைங்களை எங்களுக்கு பாத்துக்க தெரியலைனு இன்னொரு தடவை எவனும் சொல்லக்கூடாது"ன்னாங்க.

பிள்ளைங்க விஷயத்துல ஊழியர் மேல புகார் வந்தா அமைப்போட தலைமை மூணு வேலை நாளுக்குள்ள மாநில கண்காணிப்பு அமைப்புக்கு சொல்லியே ஆகணும், சொந்தக்காரர்னு மறைக்க முடியாது. 2022 ஜூலைலேர்ந்து விக்டோரியாவுல பிள்ளைங்களுக்கான 11 பாதுகாப்பு விதி இருக்கு, முதல் விதியே அபோரிஜினல் பிள்ளை தன் அடையாளத்தோட தைரியமா இருக்கணுங்கறதுதான். பெரிய பேச்சா தெரியும், ஆனா பிள்ளைய யார் வந்து கூட்டிட்டு போகலாம்னு எழுதற எங்க பிக்கப் ஃபார்ம்ல ஒரு பையன் "அம்மா" கட்டத்துல மூணு பேரோட பேரை எழுதியிருந்தான், புதுசா வேலைக்கு வந்த பொண்ணு ரெண்டு பேரை கோடு போட்டு நீக்கப் போச்சு. அம்மாவோட அக்கா தங்கச்சியும் அவனுக்கு அம்மாதான், நமக்கு பெரியம்மா, சின்னம்மா இல்லையா? ஃபார்மைத்தான் மாத்தினோம்.

இங்க வார லீவுல நடக்கற ஒரு தமிழ் கிளாஸ்ல, சமையலுக்கும் டிராப் பண்றதுக்கும் வர்றவங்க கார்டு கேட்டேன். தன்னார்வலருக்கு பைசா செலவில்ல. "எல்லாம் நம்ம ஆளுங்க, அசிங்கப்படுத்தறீங்க"ன்னு சொல்லி என்னை வாட்ஸ்அப் குரூப்லேர்ந்தே தூக்கிட்டாங்க. ரெண்டு வருஷமாச்சு, இன்னும் வலிக்குது, என் பொண்ணையும் நிறுத்திட்டேன்.

நீங்க கார்டுக்கு இன்னிக்கே அப்ளை பண்ணுங்க. அந்த கோச்சும் பண்ணினார், கார்டு வந்ததும் முதல்ல ஆன்ட்டிகிட்டதான் காட்டினார். அவங்க கண்ணாடிய மாட்டி, எக்ஸ்பைரி தேதி வரைக்கும் படிச்சிட்டுதான் திருப்பிக் குடுத்தாங்க.