குரோமா, ஃபயர்ஃபாக்ஸா? பிரவுசர் பற்றி மூன்று கேள்விகள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள், வீட்டு லேப்டாப்பில் குரோமை எடுத்துவிட்டு ஃபயர்ஃபாக்ஸ் போட்டிருக்கிறாள். ஓப்பன் சோர்ஸ் என்பதால் இதுதான் பாதுகாப்பு என்கிறாள். நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால் திருடனும் படிப்பானே? அதில் நெட் பேங்கிங் செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். உங்கள் கணினிக்கும் வங்கித் தளத்துக்கும் நடுவே போகும் தகவலைக் காப்பது, நிரலை ஒளித்துவைப்பது அல்ல. ஒவ்வொரு இணைப்புக்கும் புதிதாக உருவாகும் மறையாக்கச் சாவிதான் காக்கிறது. பூட்டின் அமைப்பு ஊருக்கே தெரிந்திருந்தாலும் சாவி இல்லாமல் கதவு திறக்காது.

அப்புறம், இத்தனை நாள் நீங்கள் பயன்படுத்திய குரோமும் பெரும்பாலும் திறந்த நிரல்தான். குரோமியம் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டத்தின்மேல் கூகுள் தன் பகுதிகள் சிலவற்றைச் சேர்த்துத் தருவதே குரோம். எட்ஜ், ஓபரா, பிரேவ் எல்லாமே குரோமியத்தின் மேல் கட்டப்பட்டவை. அதற்கும் முன்னால் போனால், கேடிஇ என்ற ஓப்பன் சோர்ஸ் குழுவினர் லினக்ஸ் பயனர்களுக்காக எழுதிய கேஎச்டிஎம்எல் என்ற எஞ்சினில் (இணையப் பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் பகுதி) போய் நிற்கும். அதை எடுத்து ஆப்பிள் வெப்கிட் என்ற எஞ்சினை உருவாக்கியது. 2003இல் ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் வந்தது. வெப்கிட்டை வைத்து 2008இல் குரோமை வெளியிட்ட கூகுள், 2013இல் பிளிங்க் என்று தனியாகப் பிரித்துக்கொண்டது. ஆக, ஓப்பன் சோர்ஸை நம்பலாமா என்று இப்போது யோசிக்கிறீர்கள். நம்பி ரொம்ப காலம் ஆகிவிட்டது.

ஆனால் உங்கள் மகள் சொல்வதிலும் ஒரு திருத்தம் உண்டு. நிரல் திறந்திருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. இணையத் தகவலை மறையாக்கப் பல தளங்கள் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த நிரலில் 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை, அதற்கு முன் சுமார் 2 ஆண்டுகள் எல்லார் கண்முன்னும் கிடந்தது. யாராவது உட்கார்ந்து படித்தால்தான் பிழை தெரியும். தெரிந்ததும் சரிசெய்து உங்கள் கணினிவரை கொண்டுவர ஆள் வேண்டும். கூகுள், ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா இரண்டுமே அதை ஒழுங்காகச் செய்கின்றன. உங்கள் பங்குக்கு அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் பலர் ஒரே லேப்டாப்பைத் தொடுகிறார்கள் என்றால், ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளில் பிரைமரி பாஸ்வேர்டு ஒன்று வைத்துவிடுங்கள். சேமித்த பாஸ்வேர்டுகளை அது இல்லாமல் யாரும் பார்க்க முடியாது.

கேள்வி: பல வருடமாக குரோமில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானை வைத்திருந்தேன். என்னைக் கேட்காமலே குரோம் அதை முடக்கிவிட்டது. குரோமியம் ஓப்பன் சோர்ஸ் என்றால் ஒரு நிறுவனம் தன்னிஷ்டத்துக்கு இப்படிச் செய்ய முடியுமா? எதற்கு மாறுவது?

பதில்: முடியும். ஓப்பன் சோர்ஸ் உரிமம், நிரலைப் படிக்கவும் மாற்றவும் எடுத்துக்கொண்டு தனியே போகவும் இடம் தருகிறது. அடுத்த பதிப்பில் எது இருக்கும், எது போகும் என்ற முடிவில் உங்களுக்குப் பங்கு தருவதில்லை. குரோமியத்தில் அந்த முடிவு பெரும்பாலும் கூகுளின் கையில்தான் இருக்கிறது.

எக்ஸ்டென்ஷன்களுக்கான (யூபிளாக் ஆரிஜின் போல பிரவுசரில் நாம் சேர்க்கும் கருவிகள்) விதிகளை மேனிஃபெஸ்ட் வி3 என்ற பெயரில் கூகுள் மாற்றியது. பழைய முறையில், படம், விளம்பரம் என்று எதையாவது கேட்டு ஒரு பக்கம் வெளியே அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் எக்ஸ்டென்ஷன் பார்த்து அப்போதே தடுக்கலாம். புதிய முறையில் தடுக்க வேண்டியவற்றின் பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிட வேண்டும். தடுப்பது பிரவுசரின் வேலை. பாதுகாப்பு, வேகம் என்று காரணம் சொன்னார்கள். எக்ஸ்டென்ஷன் வழியாகத் தகவல் திருட்டு நடந்திருப்பது உண்மைதான். ஆனால் கோரிக்கைகளை வேடிக்கை பார்க்கும் வசதி புதிய முறையிலும் இருக்கிறது. யூபிளாக் ஆரிஜின் நம்பியிருந்த, அந்த நேரத்தில் தடுக்கும் வசதிதான் போய்விட்டது. விளம்பரத்தில் வருமானம் பார்க்கும் நிறுவனம் எடுத்த இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் கோபம் நியாயமானது.

யாராவது குரோமியத்தை எடுத்துக்கொண்டு பழைய முறையிலேயே தொடரலாமே என்று தோன்றும். சட்டப்படி தடையில்லை. ஆனால் சில வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு வரும். ஒவ்வொன்றிலும் கூகுள் நீக்கியதைத் திரும்பச் சேர்த்துச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்டே சொந்த எஞ்சினைக் கைவிட்டு 2020இல் எட்ஜை குரோமியத்துக்கு மாற்றியது என்றால், இது எவ்வளவு செலவுள்ள வேலை என்று பாருங்கள்.

அதனால் என் பரிந்துரை ஃபயர்ஃபாக்ஸ். கெக்கோ என்ற தனி எஞ்சினில் ஓடுகிறது, யூபிளாக் ஆரிஜின் அதில் முழு பலத்தோடு இயங்குகிறது. ஒன்றை மறைக்கக் கூடாது: மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளை இயல்பான தேடுபொறியாக வைப்பதற்காக கூகுள் தரும் பணம். இது எனக்கும் உறுத்துகிறது. இருந்தாலும் குரோமியம் சாராத பிரவுசர் ஒன்று விண்டோஸில் இருக்க வேண்டும் என்றால், அதைப் பயன்படுத்த ஆட்கள் வேண்டும்.

குரோமியத்தை விட மனமில்லை என்றால் பிரேவைப் பாருங்கள். அதன் தடுப்பான் எக்ஸ்டென்ஷனாக இல்லாமல் பிரவுசருக்குள்ளேயே இருப்பதால் இந்த மாற்றம் அதைத் தொடவில்லை. கூடவே வரும் கிரிப்டோ வசதிகள் வேண்டாமென்றால் ஒதுக்கிவிடலாம். குரோமிலேயே இருப்பவர்களுக்கு, புதிய விதிகளுக்கு ஏற்ப எழுதிய யூபிளாக் ஆரிஜின் லைட் உண்டு. சாதாரணமாகச் செய்தி படிக்க அது போதும். பெயரைச் சரியாகப் பாருங்கள்: ரேமண்ட் ஹில் உருவாக்கியதில் 'ஆரிஜின்' என்ற சொல் இருக்கும். வெறும் 'யூபிளாக்' வேறு ஆட்களுடையது.

மாறும்போது புக்மார்க்குகளை ஃபயர்ஃபாக்ஸே குரோமிலிருந்து எடுத்துக்கொள்ளும். கொஞ்ச நாள் குரோமையும் வைத்திருங்கள். குரோமில் மட்டும் சோதித்துவிட்டு வெளியிடும் தளங்கள் இன்னும் இருக்கின்றன.

கேள்வி: போனிலும் ஃபயர்ஃபாக்ஸ் போட்டால் விளம்பரம் நிற்குமா?

பதில்: ஆண்ட்ராய்டில் நிற்கும், யூபிளாக் ஆரிஜினை அதில் சேர்க்கலாம். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் வசதியே கிடையாது. ஐபோன் வேறு கதை. இந்தியா, இலங்கை உட்படப் பெரும்பாலான நாடுகளில் எல்லா பிரவுசரும் ஆப்பிளின் வெப்கிட்டில்தான் ஓட வேண்டும் என்பதால், அங்கே ஃபயர்ஃபாக்ஸில் எக்ஸ்டென்ஷன் சேர்க்க முடியாது. சஃபாரியிலேயே இருந்து யூபிளாக் ஆரிஜின் லைட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த போனாக இருந்தாலும், மற்ற ஆப்களுக்குள் வரும் விளம்பரங்களை இவை தடுக்காது.