வெடிப் புகைக்கு யூரியா வைத்தியம் பலிக்குமா?

கேள்வி: எங்க ஊருக்குப் பக்கத்து ஜல்லி குவாரியில மழை பேஞ்ச மறுநாள் வெடி வச்சா மட்டும் செங்கல் கலர்ல புகை எந்திரிக்குது, மத்த நாள் வெள்ளையாத்தான் போகுது. வெடிமருந்தோட யூரியா கலந்துட்டா இது வராதுன்னு அங்க வேலை பாக்குற பய ஒருத்தன் சொல்றான். நெசமாங்க? (வாசகர், மேலூர்)

பதில்: பாதி நெசம். மழைக்கு மறுநாள்னு நீங்களே சொல்லிட்டீங்க பாருங்க, விஷயமே அதுலதான் இருக்கு. குவாரி மருந்துல முக்காவாசி அமோனியம் நைட்ரேட், அது ஒரு உப்பு, தண்ணி பட்டா கரையும். டீசலோட சரியான அளவுல சேந்து முழுசா வெடிச்சா வர்றது தண்ணி ஆவி, கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன், அவ்வளவுதான். வெடி வைக்கிற குழிக்குள்ள தண்ணி நின்னு மருந்து ஊறிப்போச்சுன்னா அரைகுறையா வெடிச்சு நைட்ரிக் ஆக்சைடு கெளம்பும், அது வெளிக்காத்து பட்டதும் நைட்ரஜன் டை ஆக்சைடா மாறும், நீங்க பாக்குற செங்கல் கலர் அதுதான்.

யூரியா, அலுமினியப் பவுடர், நிலக்கரித்தூள்னு பலதையும் சேத்து வெளிநாட்டுல சோதிச்சுப் பாத்திருக்காங்க, செங்கல் புகையைக் குறைக்க இதுக்கெல்லாம் வாய்ப்பு இருக்கு. ஆனா இதுல ஒரு சிக்கல். செங்கல் புகை வருதேன்னு டீசலைக் கூட ஊத்துனா கலர் கொறையும், கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயு கூடும். ஏத்தம் மாதிரிதான், ஒரு பக்கம் எறங்குனா மறுபக்கம் ஏறும். அப்படி டீசலைக் கூட்டி புகை வெள்ளையாயிருச்சுன்னு சந்தோசப்பட்டா, கண்ணுக்குத் தெரியாத, வாடையும் இல்லாத ஒண்ணைக் கூட்டிவிட்டதாத்தான் அர்த்தம். அதனால மொதல்ல குழித் தண்ணியை எறைக்கச் சொல்லுங்க, ஈரத்துக்கு, தண்ணியைத் தாங்குற எமல்ஷன் மருந்து போடச் சொல்லுங்க, மருந்தை ராத்திரி பூரா குழியில ஊறவிடக் கூடாது, குழி வாயைக் கெட்டியா அடைக்கணும். இதெல்லாம் செஞ்ச பெறகுதான் சேர்மானம். அதையும் மருந்து கம்பெனிதான் சேக்கணும், குவாரியில ஆள் வச்சுக் கிண்டுற வேலை கிடையவே கிடையாது, ஆள் செத்துரும், சட்டமும் விடாது.

குழி வாய்ல சுண்ணாம்புத் தண்ணிப் பை வச்சு அடைக்கிற முறையும் உண்டு. நைட்ரஜன் டை ஆக்சைடுல கொஞ்சத்தையும் தூசியையும் அது புடிக்கும். நைட்ரிக் ஆக்சைடு தண்ணியில லேசுல கரையாது, கார்பன் மோனாக்சைடு கரையவே கரையாதுன்னு வச்சுக்கங்க.

கேள்வி: நான் டிப்பர் ஓட்டுறேன். பிஎஸ் 6 வண்டிக்குப் புகையைச் சுத்தம் பண்ண டெஃப்னு ஒரு திரவம் ஊத்துறோமே, அதுவும் யூரியாதானே? அதே வேலையை குவாரியிலயும் செய்யாதா அண்ணே? (வாசகர், திருமங்கலம்)

பதில்: யூரியாதான் தம்பி, டெஃப்ல 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணி. வண்டியில அது சூட்டுல அமோனியாவா உடைஞ்சு, சைலன்சர் பக்கம் இருக்குற கேட்டலிஸ்ட்டுல (வினையைத் தூண்டி விடுற சாமான்) வச்சு நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனும் தண்ணியுமா மாத்துது. குவாரியில கேட்டலிஸ்ட் எங்க இருக்கு, எல்லாமே கண்ணிமைக்கிற நேரத்துக்குள்ள முடிஞ்சுபோகுது, அதனால வண்டியில வர்ற அளவு சுத்தத்தை எதிர்பாக்காதீங்க. இன்னொண்ணு, உரக்கடையில விக்கிற 45 கிலோ மூட்டை மானிய யூரியா, வேப்பெண்ணெய் பூசுனது, வெவசாயத்துக்கு மட்டுந்தான். அதைத் தூக்கி குவாரிக்குக் குடுத்தா கேஸ்.

கேள்வி: கிணறு ஆழப்படுத்துறோம். வெடி வச்சு ஒரு மணி நேரம் விட்டு, கயித்துல விளக்கைக் கட்டி எறக்கிப் பாத்து, அணையலன்னாதான் ஆளு எறங்குறோம். போதுமா? இதுக்கும் ஏதாவது பவுடர் இருக்கா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: போதாதுங்க. விளக்கு அணைஞ்சா ஆக்சிஜன் கம்மின்னு அர்த்தம், அது சரிதான். ஆனா கார்பன் மோனாக்சைடுக்கு விளக்கு அணையாது. ஆளைச் சாய்க்கிற அளவு இருந்தாலும் திரி பாட்டுக்கு நின்னு எரியும். காத்துல 1200 பிபிஎம், அதாவது நூத்துல 0.12 பங்கு, இருந்தாலே உயிருக்கு ஒடனடி ஆபத்துன்னு அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்பை ஆராயுற நியோஷ் நிறுவனம் கணக்கு வச்சிருக்காங்க. ரத்தத்துல ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கிற சாமான் அது. எடை கிட்டத்தட்ட காத்து எடைதான், கெணத்துக்குள்ள தானா மேல ஏறிப் போயிராது. கல்லுக் குவியலுக்குள்ளயே அடைஞ்சு கெடந்து, சரளை அள்ளும்போதுதான் வெளிய வரும். பாறை வெடிப்பு வழியாப் பக்கத்துத் தோட்டத்துக் கெணத்துக்கே போகலாம், அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

பவுடர் எதுவும் இல்ல. புளோயர் வச்சு குழாயை அடி வரைக்கும் விட்டு காத்து அடிக்கணும், ஆளு கீழ நிக்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. டீசல் இஞ்சினைக் கெணத்துக்குள்ள எறக்கிறாதீங்க, அதோட புகையும் சேந்துக்கும். கேஸ் மீட்டரைக் கயித்துல கட்டி எறக்கிப் பாத்துட்டு எறங்குங்க, எறங்குறவர் இடுப்புல கயிறு இருக்கணும், மேல இழுக்க ஆளு நிக்கணும். உள்ள ஒருத்தர் மயங்குனா பதறிப்போய் இன்னொருத்தர் குதிக்கிறதுலதான் ரெண்டு மூணு சாவு சேந்து விழுது. மேல நின்னே இழுங்க, 108க்கும் 101க்கும் போன் போடுங்க.

கேள்வி: செங்கல் புகைக்குள்ள மாட்டிக்கிட்டேன், ஒரு இருமலோட நின்னுருச்சு. விட்டுறலாமா? (வாசகர், வாடிப்பட்டி)

பதில்: விடாதீங்க. நைட்ரஜன் டை ஆக்சைடு பல மணி நேரம் கழிச்சுக்கூட, மறுநாள்கூட, நுரையீரல்ல நீர் கோக்க வைக்கும். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வெடிப் புகை குடிச்சேன்னு வெவரமாச் சொல்லுங்க, வெறும் இருமல்னு சொன்னா சிரப்பு குடுத்து அனுப்பிருவாங்க.