நானாகவே எண்ணெய் வண்ண ஓவியம் பழகுகிறேன். உருவம் சரியாக வந்தும் படம் ஏன் உயிரில்லாமல் இருக்கிறது?

உங்கள் கேள்வியைப் படித்ததும், பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் வரைந்து பாழாக்கிய ஒரு பித்தளைச் செம்புதான் நினைவுக்கு வந்தது. நீங்களும் அன்றைய என்னைப் போல, வேலை முடிந்து வந்து இரவில் டியூப்லைட்டுக்குக் கீழே, கைப்பேசியில் எடுத்த படத்தைப் பார்த்து வரைகிறவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோடுகளைத் திருத்துவதை நிறுத்திவிட்டு, முதலில் வெளிச்சத்தைக் கவனியுங்கள்.

நான் மதுரைக்காரன், எந்தக் கல்லூரியிலும் ஓவியம் படித்ததில்லை. ஓவியனின் அறைக்கு வடக்குச் சன்னல் வேண்டும், அதில் நேர்வெயில் விழாது, பகல் முழுவதும் சீரான வெளிச்சம் கிடைக்கும் என்று மேல்நாட்டுப் புத்தகங்களில் படித்துவிட்டு, மாடி அறையின் வடக்குச் சுவரை இடித்துச் சன்னல் வைத்தேன். தை மாதத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, அதன்மேல் அம்மாவின் செம்பை வைத்து வரையத் தொடங்கினேன். எண்ணெய் வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகுகிறது. ஒவ்வொரு பூச்சுக்கும் நாள்கணக்கில் காத்திருந்ததில் பங்குனி வந்துவிட்டது.

தையில், வேட்டியில் வெளிச்சம் பட்ட இடம் வானத்தின் குளிர்ந்த நீலச்சாயலோடும், செம்பின் நிழல் சற்றே பழுப்பேறியும் இருந்தன. செம்பின் அடிவயிற்றில் சிவப்புச் சிமெண்டுத் தரையின் சாயல் ஒரு விரல் அகலத்துக்குப் படிந்திருந்தது. பங்குனிக் கடைசியில் காலை வெயில் சன்னலில் சாய்வாக எட்டிப்பார்த்தது. சித்திரையில் வேட்டியின் மேலேயே விழுந்தது. வெளிச்சம் மஞ்சளாகி நிழல் நீலமாகிவிட்டது. கண்ணில் படுவதை மட்டுமே வரைய வேண்டும் என்ற பிடிவாதத்தில், அன்றன்று தெரிந்ததை முந்தைய பூச்சின்மேல் ஏற்றிக்கொண்டே போனேன். முடிவில் செம்பின் வடிவம் அச்சாக இருந்தது. ஆனால் அது துணிமேல் உட்காராமல் மிதந்தது.

ஒரே படத்தில் இரண்டு வெவ்வேறு வெளிச்சங்கள் கலந்துவிட்டன. அதன் காரணம் புரிய ஓராண்டு ஆயிற்று. சன்னல் வெளிச்சத்தை வரைந்து புகழ்பெற்ற டச்சு ஓவியர் வெர்மீர் வாழ்ந்த டெல்ஃப்ட் நகரம் ஏறக்குறைய 52 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கே ஓவியர் வேலை செய்யும் நேரத்தில் சூரியன் தெற்கு வானத்தில்தான் நிற்கும். மதுரையோ 10 பாகைக்குச் சற்றுக் குறைவு. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் நமக்கு வடக்கே போகிறது. ஆகவே அந்த மாதங்களில் நேர்வெயில் படாத சன்னல் தெற்குச் சன்னல்தான். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. வடக்குச் சன்னல் அறிவுரை பொய் என்று நான் வாதாடவில்லை. அது எழுதப்பட்ட ஊருக்கு அது சரி.

புகைப்படத்தைப் பார்த்து வரைவதையும் நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் சன்னலோரப் பொருளைக் கைப்பேசி படமெடுக்கும்போது நிழலைப் பெரும்பாலும் கறுப்பாக அடைத்துவிடுகிறது. அதைப் பார்த்து ஐவரி பிளாக் என்ற கறுப்பு வண்ணத்தைப் பூசினால், தரையிலிருந்து மேலேறிய அந்தச் சிவப்பு எங்கிருந்து வரும்? பொருளை நேரில் வைத்து, கண்ணை இடுக்கிப் பாருங்கள்.

"குருவில்லாமல் கற்றது குறைதான்" என்று இங்கே சிலர் எழுதக்கூடும். ஒரு குழுக் கண்காட்சிக்கு நான் விண்ணப்பித்தபோது, படத்தைப் பார்ப்பதற்கு முன்பே பட்டம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வலி இன்னும் ஆறவில்லை. திருவிதாங்கூர் அரண்மனை ஓவியராக இருந்த மதுரை ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ண நுட்பத்தைச் சொல்லித்தர மறுத்த பிறகு, 1868-இல் திருவனந்தபுரம் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் வரைவதை அருகிலிருந்து பார்த்துத்தான் ரவி வர்மா தேறினார். பட்டம் கேட்டவர்களுக்கு இது தெரியாதிருக்க வாய்ப்பில்லை.

அடுத்த ஆண்டு வைகாசியில் அதே செம்பைத் தெற்குச் சன்னலோரம் வைத்தேன். காலை ஒன்பது முதல் பதினொன்று வரை மட்டும் வரைந்தேன். மேகம் மூடிய நாள்களில் தூரிகையைத் தொடவில்லை. நிழலுக்குக் கறுப்பை விட்டுவிட்டு அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பையும் கலந்தேன். கடைசி நாளில் டைட்டானியம் வெள்ளையைத் தடிப்பாக எடுத்து, செம்பின் தோளில் நெல்மணி அளவுக்குத் தெரிந்த சன்னலின் பிம்பத்தை ஒரே தொடலில் வைத்தேன். அதன் பிறகு அந்தப் படத்தில் நான் கை வைக்கவில்லை.