சாலையோரப் பலகை சொல்லாதது

கேள்வி: அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்டிகளில் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவுகள்) சாலையோரம் 'முதல் குடியேறிகள்' பற்றிய வரலாற்றுப் பலகைகள் நிற்கின்றனவே, அவற்றை அப்படியே நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். காரில் போகிறவர் நின்று படிக்கிற சில வரிகளில் ஒரு ஊரின் கதை அடங்காது. நெப்ராஸ்காவின் கேஜ் கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 160 ஏக்கர் வரை அரசு நிலத்தில் வீடு கட்டி 5 ஆண்டு வாழ்ந்து பயிர் செய்தால் நிலம் உனக்கே என்ற 1862 ஹோம்ஸ்டெட் சட்டம், 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த அதே நாளில் முதல் மனுக்காரர்களில் ஒருவரான டேனியல் ஃப்ரீமன் மனு கொடுத்துக் கேட்ட நிலம் இங்கே பியாட்ரிஸ் ஊருக்குப் பக்கத்தில்தான், இன்று அது தேசிய வரலாற்றுப் பூங்கா. சரி, அவருக்கு முன்னால் அங்கே யாருமே இல்லையா? ஓட்டோ, மிசூரியா என்ற பூர்வகுடி மக்கள் இருந்தார்கள். அமெரிக்க அரசோடு செய்த 1854 ஒப்பந்தத்தில் பெரும் நிலத்தை விட்டுக்கொடுத்து, பிக் ப்ளூ நதிக்கரையில் ஒதுக்கிய பகுதியில் வாழ்ந்து, 1880களின் தொடக்கத்தில் ஓக்லஹோமா பக்கம் போக வேண்டியதாயிற்று. 'முதல்' என்ற சொல்லைப் பார்த்தாலே இதைத்தான் நான் நினைப்பேன், வருத்தமாகவும் இருக்கும்.

அப்புறம், பலகையை யார் எழுதினார்கள், எந்த ஆண்டில் என்று பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே இருக்கும். கவுண்டி நீதிமன்றத்தில் நிலப் பத்திரங்களையும் பார்க்கலாம். கூட்டரசு கொடுத்த பழைய நிலப் பட்டாக்களை நில மேலாண்மைத் துறை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.